மாசூட்டு அயனிகளும் படிக மேற்பரப்பின் ஒளியியல் பண்புகளும்

ஆயர் ஈத்தாம் ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். படிவம் ஆறு மாணவர்களுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். இடைநிலைத் தனிமங்களின் நிறங்களைப் பற்றிய பாடத்தின்போது மாணவி ஒருத்தி எழுப்பிய கேள்வியை இங்கே வைக்கிறேன். அவளுடைய தந்தையார் பினாங்கு லிட்டில் இந்தியாவில் நீலக்கல் பதித்த மோதிரம் ஒன்றை வாங்கி, பிறகு கல்லைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். கல் இயற்கையான குருந்தம்தான் (நீலக்கல்லாகவும் மாணிக்கமாகவும் அமையும் கனிமம்) என்றும், நீலம் மட்டும் டைட்டானிய ஊடுருவலால் மேற்பரப்பில் ஏற்றப்பட்டது என்றும் அறிக்கை வந்திருக்கிறது. ஏமாற்றப்பட்டோமா என்பது தந்தையின் கவலை. மகளின் கேள்வி வேறு: டைட்டானியம் மேலே மட்டும் இருந்தால் கல் முழுவதும் எப்படி நீலமாகத் தெரிகிறது, மேற்பரப்பில் இருக்கும் அயனியும் உள்ளே இருக்கும் அயனியும் ஒளியிடம் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா?

இத்துடன் பாடநூல் பாதியில் விட்டுவிடும் ஒரு பழைய கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறேன். குருந்தத்தில் குரோமியம் புகுந்தால் சிவப்பு மாணிக்கம், பெரில் படிகத்தில் அதே குரோமியம் புகுந்தால் பச்சை மரகதம். அயனி ஒன்று, அதன் மின்னூட்டம் ஒன்று, சுற்றிலும் ஆறு ஆக்சிஜன் என்பதும் ஒன்று. அப்படியிருக்க நிறம் ஏன் எதிரெதிராக அமைகிறது?

கல்நோக்கி (கோலாலம்பூர்) எழுதியது:

ஐயா, மோதிரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இத்தகைய கற்கள் எங்கள் கல் சோதனை மேசைக்கு அடிக்கடி வருகின்றன. தூய குருந்தம் என்பது அலுமினியம் ஆக்சைடு, அதற்கு நிறமில்லை. நீலம் வருவதற்கு டைட்டானியம் மட்டும் போதாது, இரும்பும் வேண்டும். படிகத்தில் அலுமினியம் இருக்க வேண்டிய இரண்டு அடுத்தடுத்த இடங்களில், ஒன்றில் இரண்டு நேர்மின்னூட்டம் கொண்ட இரும்பும் மற்றொன்றில் நான்கு நேர்மின்னூட்டம் கொண்ட டைட்டானியமும் அமர்ந்தால், இரும்பின் எலக்ட்ரான் ஒன்று ஒளியை உட்கவர்ந்துகொண்டு டைட்டானியத்திடம் தாவுகிறது. அந்தத் தாவலுக்கு வேண்டிய ஆற்றல் மஞ்சள், ஆரஞ்சு நிற ஒளியில், ஏறத்தாழ 570 நானோமீட்டரை ஒட்டி இருப்பதால், கல் அதைப் பிடித்துக்கொண்டு நீலத்தை விட்டுவிடுகிறது. இவ்வகை மின்னூட்டத் தாவல் ஒளியை மிக வலுவாக உட்கவர்வது. ஆகவே பத்தாயிரத்தில் சில பங்கு அளவுக்கு இரண்டும் இருந்தாலே கண்ணைப் பறிக்கும் நீலம் கிடைத்துவிடும்.

இலங்கையில் கிடைக்கும் பால் போன்ற வெளிறிய குருந்தத்தில் டைட்டானியம் ஏற்கெனவே உண்டு. ஆனால் அது ரூட்டைல் என்னும் நுண்ணூசிகளாகப் பிரிந்து கிடக்கிறது. கல்லை 1,600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் ஊசிகள் கரைந்து, டைட்டானியம் இரும்பின் அருகே சென்று சேர, கல் முழுவதும் நீலமாகிறது. இதை வணிகம் ஏற்றுக்கொள்கிறது. உங்கள் மாணவியின் தந்தையார் வாங்கிய கல் இவ்வகை அன்று. இரும்பு உள்ள, ஆனால் டைட்டானியம் குறைந்த வெளிறிய கல்லைப் பட்டை தீட்டிய பின், டைட்டானியம் ஆக்சைடு கலந்த பொடியில் புதைத்து, 1,700 பாகைக்கும் மேலே நெடுநேரம் வைத்திருக்கிறார்கள். டைட்டானியம் குருந்தத்துக்குள் மிக மெதுவாகவே நகரும். அரை மில்லிமீட்டர் ஆழத்தைக்கூடப் பெரும்பாலும் எட்டுவதில்லை. அந்த மெல்லிய நீலத் தோல் கல்லை எல்லாப் பக்கமும் மூடியிருப்பதால், எந்தத் திசையில் நுழைந்த ஒளியும் குறைந்தது இரண்டு முறை அதைக் கடந்துதான் நம் கண்ணுக்கு வந்தாக வேண்டும். முழுக் கல்லும் நீலமாகத் தெரிவதற்குக் காரணம் அதுவே.

கண்டுபிடிக்கும் வழியும் ஒளியியல்தான். குருந்தத்தின் ஒளிவிலகல் எண் 1.76 முதல் 1.77 வரை. ஒளிவிலகல் எண் 1.74 ஆக உள்ள மெத்திலீன் அயோடைடு திரவத்தில் கல்லை மூழ்கடித்தால், எல்லையில் நிகழும் எதிரொளிப்பும் விலகலும் ஏறக்குறைய மறைந்து, நிறம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் தெரியும். சூளையிலிருந்து வரும் கல்லின் முகம் சொரசொரப்பாகிவிடும் என்பதால் மறுபடி மெருகேற்றுவார்கள். அப்போது சில பட்டைகளில் நீலம் கூடுதலாகத் தேய்ந்துபோகும். விளைவாக, திரவத்துக்குள் பட்டைகளின் விளிம்புகள் அடர்நீலக் கோடுகளாகவும், சில பட்டைகள் வெளிறியும் தெரியும்.

ஏமாற்றமா என்ற கேள்விக்கு என் கருத்து: விற்கும்போது சொல்லியிருந்தால் இல்லை, சொல்லாமல் விற்றிருந்தால் ஆம். அந்தக் கல்லை மறுபடி பட்டை தீட்டக் கொடுக்கவே கூடாது.

பட்டர்வொர்த் ஐயக்காரன் எழுதியது:

நல்ல விளக்கம். ஆனால் ஆசிரியரின் இரண்டாவது கேள்விக்கு இது விடையாகாது. கால் மில்லிமீட்டர் என்பது நகைக்கடைக்கு வேண்டுமானால் மேற்பரப்பாக இருக்கலாம். குருந்தத்தின் அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச்சிறு அலகின்) உயரம் ஏறத்தாழ 1.3 நானோமீட்டர், அப்படியானால் கால் மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் கூடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதில் இருக்கும் டைட்டானியத்துக்குத் தான் மேற்பரப்புக்கு அருகில் இருப்பதே தெரியாது. கடைசி ஓரிரு அணு அடுக்குகளில் இருக்கும் அயனியைப் பற்றி யாராவது பேசுங்கள்.

ஆய்வு மாணவி எழுதியது:

வணக்கம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஒளிர் நானோதுகள்களைப் பற்றி ஆய்வு செய்துவருகிறேன். ஐயக்காரன் அண்ணன் சொல்வது சரியான பிரிப்பு. ஆனால் மேற்பரப்பு அயனிக்குப் போவதற்கு முன் மாணிக்கம், மரகதம் பற்றிய ஐயாவின் கேள்வியைத் தீர்த்துக்கொண்டால் பிற்பாடு எளிதாக இருக்கும்.

குரோமிய அயனியில் வெளிப்புற டி கூட்டில் மூன்று எலக்ட்ரான்கள் உள்ளன. சுற்றியுள்ள ஆறு ஆக்சிஜன் அயனிகளின் மின்புலம் டி ஆற்றல்மட்டங்களை இரண்டு குழுக்களாகப் பிரிக்கிறது. பிரிவின் அளவு மாணிக்கத்தில் சுமார் 2.2 எலக்ட்ரான் வோல்ட், மரகதத்தில் சுமார் 2.0 எலக்ட்ரான் வோல்ட். இந்தச் சிறு வேறுபாட்டால், மாணிக்கத்தில் 410, 555 நானோமீட்டரை ஒட்டி இருக்கும் இரண்டு அகன்ற உட்கவர்ச்சிப் பட்டைகள், மரகதத்தில் 430, 600 நானோமீட்டர் அருகே நகர்ந்துவிடுகின்றன. மாணிக்கத்தில் பச்சை அடைபட்டுச் சிவப்பு திறக்கிறது. மரகதத்தில் ஆரஞ்சும் சிவப்பின் ஒரு பகுதியும் அடைபட்டுப் பச்சை திறக்கிறது. பட்டை ஐம்பது நானோமீட்டர் அளவுக்கு நகர்ந்ததற்கே நிறம் முற்றிலும் மாறிவிடுகிறது, ஏனென்றால் நம் கண் மிகக் கூர்மையாக உணரும் பச்சைப் பகுதியின் மீதே அந்த நகர்வு நிகழ்கிறது.

இதற்குப் பாடநூல்கள் சொல்லும் காரணம், குரோமியம் அலுமினியத்தைவிடச் சற்றுப் பெரியது, மாணிக்கத்தில் அது நெருக்கப்படுகிறது, ஆகவே புலம் வலுக்கிறது என்பது. அயனி ஆரங்கள் அதற்கு ஒத்துப்போகின்றன: அலுமினியத்துக்கு 0.535 ஆங்ஸ்ட்ரம் (ஓர் ஆங்ஸ்ட்ரம் 0.1 நானோமீட்டர்), குரோமியத்துக்கு 0.615 ஆங்ஸ்ட்ரம். ஆயினும் எக்ஸ் கதிர் உட்கவர்ச்சி மூலம் உள்ளூர் அமைப்பை அளந்தபோது, இரண்டு படிகங்களிலும் குரோமியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான சராசரித் தூரம் ஏறத்தாழ 1.97 ஆங்ஸ்ட்ரம் என்றே வந்தது. புதிதாக வந்த குரோமியத்துக்காக அக்கம்பக்கத்து ஆக்சிஜன்கள் விலகி இடம் கொடுத்துவிடுகின்றன. தூரம் ஒன்றாக இருந்தும் புலம் வேறாக இருக்கிறது என்றால், ஆறு ஆக்சிஜன்களுக்கு அப்பால் உள்ள மீதிப் படிகமும் தன் மின்புலத்தால் கணக்கில் சேர்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொலைவில் உள்ள அயனிகளும் நிறத்தைத் தீர்மானிக்கின்றன என்றால், படிகத்தின் விளிம்பில் இருக்கும் அயனிக்கு ஒரு பக்கத்தின் மீதிப் படிகமே இல்லை. பந்தியின் ஓரத்தில் அமர்ந்தவருக்கு ஒரு கை பக்கத்தில் மட்டும்தானே ஆள் உண்டு! ஆறு ஆக்சிஜன்களும் அப்படியே இருந்தாலும் அதன் ஆற்றல்மட்டங்கள் உள்ளே இருப்பவற்றைப் போல இருக்க முடியாது. நடைமுறையில் ஆறும் இருப்பதில்லை. ஐந்தோ நான்கோ ஆக்சிஜன், காலியான இடத்தில் காற்றின் நீரிலிருந்து வந்த ஹைட்ராக்சில் என்ற நிலைதான் பெரும்பாலும். இடத்துக்கு இடம் இந்தச் சூழல் மாறுவதால் உட்கவர்ச்சியும் உமிழ்வும் நகர்வதோடு அகலவும் செய்கின்றன.

இரவுப்பணி (பாயான் லெப்பாஸ்) எழுதியது:

தங்கை சொன்னதை நாங்கள் தொழிற்சாலையில் வேறு வடிவத்தில் அனுபவிக்கிறோம். எல்.இ.டி. பொதியாக்கத் துறையில் பணியாற்றுகிறேன். வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி.யில் உண்மையில் இருப்பது 450 நானோமீட்டர் அளவில் நீலம் உமிழும் சில்லு. அதன் மேல் மாசூட்டிய, அதாவது வேற்று அயனிகளைச் சிறிதளவு புகுத்திய, படிகப் பொடியைச் சிலிக்கோனில் கலந்து ஊற்றுகிறோம். மஞ்சளுக்கு இட்ரியம் அலுமினியம் கார்னெட் படிகத்தில் இட்ரியத்தின் இடத்தில் சீரியம் புகுத்தப்படுகிறது. சிவப்புக்கு, தொலைக்காட்சித் திரைகளில் பெரிதும் பயன்படுவது பொட்டாசியம் சிலிக்கோஃப்ளூரைடு. அதில் சிலிக்கானின் இடத்தில் நான்கு நேர்மின்னூட்டம் கொண்ட மாங்கனீசு அமர்கிறது.

ஆசிரியர் ஐயாவுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்: அந்த மாங்கனீசு அயனிக்கும் மாணிக்கத்துக் குரோமிய அயனிக்கும் எலக்ட்ரான் அமைப்பு ஒன்றே, இரண்டிலும் மூன்று டி எலக்ட்ரான்கள். இரண்டின் சிவப்பு உமிழ்வும் ஒரே வகையானது. எலக்ட்ரான் தன் கீழ்க் குழுவுக்குள்ளேயே சுழற்சியின் திசையை மட்டும் மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் இரண்டும் மெல்லிய கோடுகளாக உமிழ்கின்றன. மாணிக்கத்தில் அந்தக் கோடு 694.3 நானோமீட்டர், 1960 மே மாதத்தில் தியோடர் மைமன் இயக்கிக்காட்டிய முதல் லேசரின் ஒளி அதுதான். ஃப்ளூரைடில் மாங்கனீசின் மிக வலுவான கோடு 631 நானோமீட்டர் அருகே வருகிறது. இந்த வேறுபாட்டுக்குப் படிகப் புலத்தின் வலிமை காரணமன்று. ஃப்ளூரின், ஆக்சிஜனைவிட எலக்ட்ரான்களைக் குறைவாகப் பகிர்வதால் கோடு குட்டை அலைநீளத்தின் பக்கம் வருகிறது. இதே மாங்கனீசை ஆக்சைடு படிகத்தில் வைத்தால் கோடு கண்ணுக்கு மங்கலான ஆழ்சிவப்புக்குப் போய்விடும், திரைக்கு அதனால் பயனில்லை.

இனி மேற்பரப்புக்கு வருகிறேன். படிகத்துக்குள் ஆறு ஃப்ளூரின்களின் நடுவே மாங்கனீசு பத்திரமாக இருக்கிறது. மேற்பரப்பில் உள்ள மாங்கனீசை நீராவி தொட்டால் ஃப்ளூரின்கள் கழன்று, அந்த இடத்தில் நீர் ஏறிய மாங்கனீசு டைஆக்சைடு உருவாகிறது. அதன் நிறம் பழுப்பு. மஞ்சளாக இருந்த பொடி பழுத்துப்போகும், ஒளிர்வு வீழும். பினாங்கின் ஈரக்காற்றில் திறந்த பொட்டலத்தைக் கவனக்குறைவாக விட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் துறையில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 85 பாகை வெப்பத்திலும் 85 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் நடத்தப்படும் சோதனையில் முதலில் சரிவது பெரும்பாலும் இந்தச் சிவப்புதான். விளக்கின் வெண்மை மெல்ல மெல்ல நீலமும் பச்சையுமாகச் சாய்ந்துவிடும்.

பட்டர்வொர்த் ஐயக்காரன் எழுதியது:

கணக்கு இடிக்கிறதே. உங்கள் பொடியின் துகள் 20 மைக்ரோமீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொள்வோம். வெளி அடுக்கின் தடிமன் 0.3 நானோமீட்டர் என்றால், அதில் இருக்கும் அயனிகள் மொத்தத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவும் அழிந்தாலும் மீதி 9,999 பங்கு ஒளிர்ந்துகொண்டுதானே இருக்க வேண்டும்? மேற்பரப்பு என்று எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

இரவுப்பணி எழுதியது:

நீங்கள் அயனிகளை எண்ணுகிறீர்கள். ஒளி கடக்கும் வழியை எண்ண வேண்டும். சில்லிலிருந்து வரும் நீல ஒளி ஒவ்வொரு துகளின் தோலையும் கடந்துதான் உள்ளே போக முடியும், பிறந்த சிவப்பும் அதே தோலைக் கடந்துதான் வெளியேற வேண்டும். சிலிக்கோனுக்குள் துகள்கள் நெருக்கமாக இருப்பதால் ஒளி பலமுறை சிதறி, தோலுக்குத் தோல் தட்டித் தட்டியே வெளிவருகிறது. மாங்கனீசு டைஆக்சைடு நீலத்தை மிக வலுவாக விழுங்கும். ஒரு தோலில் சிறிதளவு இழப்பு இருந்தாலும் பல தோல்களில் அது பெருகிவிடுகிறது. மேலும் நீர் முதல் அடுக்கோடு நின்றுவிடுவதில்லை. அந்த அடுக்கு கரைந்தால் அடுத்த அடுக்கு வெளியே வரும்.

இதற்கு இரண்டாவது காரணமும் உண்டு, அதைத் தங்கை விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஆய்வு மாணவி எழுதியது:

அண்ணன் குறிப்பிடுவது ஆற்றல் இடப்பெயர்வு. மாசூட்டு அயனிகள் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால், கிளர்ந்த அயனி தானே ஒளியை உமிழாமல் ஆற்றலைப் பக்கத்து அயனியிடம் தள்ளிவிட முடியும். அது மற்றொன்றிடம், அது இன்னொன்றிடம் என ஆற்றல் நகர்ந்து, வழியில் ஒரு பழுதான இடத்தை அடைந்தால் வெப்பமாக அழிந்துவிடும். மேற்பரப்பு பழுதுகள் நிறைந்த இடம். ஆகவே ஒளியை இழப்பது மேற்பரப்பில் உள்ள அயனிகள் மட்டுமல்ல, மேற்பரப்புக்கு ஆற்றலை அனுப்பிவைக்கக்கூடிய தொலைவில் உள்ள அத்தனை அயனிகளும்தான். உமிழ்வு மெதுவாக நிகழும் அயனியில் ஆற்றல் அலைய நேரம் அதிகம். இந்த ஃப்ளூரைடில் மாங்கனீசு கிளர்ந்த நிலையில் எட்டு மில்லிநொடிக்கும் மேல் இருக்கிறது. கார்னெட்டின் சீரியமோ நூறு நானோநொடிக்குள் உமிழ்ந்து முடித்துவிடுகிறது. மாசூட்டலைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் அளவுக்கு மேல் பிரகாசம் குறையத் தொடங்குவதற்கும் இதுவே ஒரு காரணம்.

ஐயக்காரன் அண்ணனின் கணக்கையே 10 நானோமீட்டர் துகளுக்குப் போட்டுப்பாருங்கள்: வெளி அடுக்கில் இருப்பது மொத்தத்தில் 17 விழுக்காடு. எங்கள் ஆய்வகத்துக்கு அதுதான் அன்றாடத் தலைவலி. நாங்கள் கையாளும் சோடியம் இட்ரியம் ஃப்ளூரைடில் இட்டர்பியமும் எர்பியமும் மாசூட்டப்படுகின்றன; 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை வாங்கிக்கொண்டு பச்சையும் சிவப்பும் தருபவை. எர்பியத்தின் ஒளிக்குக் காரணமான நான்கு எஃப் எலக்ட்ரான்கள் வெளிக் கூடுகளுக்கு உட்பட்டு மறைந்திருப்பதால், கண்ணாடியில் வைத்தாலும் படிகத்தில் வைத்தாலும் அதன் அலைநீளங்கள் பெரிதாக மாறுவதில்லை. கடலடிக் கண்ணாடியிழைகளில் 1,550 நானோமீட்டர் அருகே ஒளியைப் பெருக்குவதற்கு எர்பியம் வாய்ப்பாக இருப்பதும் இந்த உறுதியினால்தான்.

ஆனால் நிறம் மாறாததால் மேற்பரப்பிலிருந்து அது தப்பிவிட்டது என்று பொருளில்லை. 1,550 நானோமீட்டர் உமிழ்வுக்கான ஆற்றல் 0.8 எலக்ட்ரான் வோல்ட். மேற்பரப்பில் ஒட்டிய ஹைட்ராக்சிலின் அதிர்வாற்றல் ஏறத்தாழ 0.42 எலக்ட்ரான் வோல்ட். இரண்டே அதிர்வுகள் அந்த ஆற்றலை முழுவதும் விழுங்கிவிடும். அலைநீளம் அப்படியே இருக்க, பிரகாசம் மட்டும் காணாமல் போகிறது. தீர்வாக, மாசூட்டிய துகளின் மேல் மாசூட்டாத அதே படிகத்தைச் சில நானோமீட்டர் தடிமனுக்கு வளர்க்கிறோம். அதன் பின் எந்த மாசூட்டு அயனியும் மேற்பரப்பில் இல்லை. ஒளிர்வு பன்மடங்கு உயர்கிறது.

இரவுப்பணி எழுதியது:

எங்கள் சிவப்புப் பொடிக்கும் மருந்து அதேதான். மாங்கனீசு கலக்காத ஃப்ளூரைடு உறையை மேலே வளர்ப்பது ஒரு முறை. ஹைட்ரஜன் பெராக்சைடிலோ ஆக்சாலிக் அமிலத்திலோ கழுவி, வெளி அடுக்கின் மாங்கனீசை மட்டும் இரண்டு நேர்மின்னூட்ட நிலைக்குக் குறைத்துக் கரைத்து வெளியேற்றிவிடுவது மற்றொரு முறை. இரண்டாவது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் புதிதாக எதையும் ஒட்டவைக்க வேண்டியதில்லை. படிகமே தன் தோலைச் செய்துகொள்கிறது.

ஆயர் ஈத்தாம் ஆசிரியர் எழுதியது:

மிக்க நன்றி. வகுப்பில் அடுத்து எழப்போகும் கேள்வியை இப்போதே கேட்டுவிடுகிறேன். மாசூட்டுவதால் கல்லின் பளபளப்பு மாறுமா? நல்ல நிறமுள்ள கல் கூடுதலாக மின்னும் என்று பலர் நம்புகிறார்கள்.

கல்நோக்கி (கோலாலம்பூர்) எழுதியது:

மாறாது என்றே சொல்லலாம். பளபளப்பு மேற்பரப்பில் எதிரொளிக்கும் ஒளியைப் பொறுத்தது. அது ஒளிவிலகல் எண்ணைப் பொறுத்தது. ஒளிவிலகல் எண் 1.77 ஆக இருக்கும் குருந்தம் நேராக விழும் ஒளியில் சுமார் 7.7 விழுக்காட்டை எதிரொளிக்கும். மாணிக்கத்தில் இருக்கும் அளவுக்குக் குரோமியம் சேர்ந்தால் ஒளிவிலகல் எண் மூன்றாம் தசம இடத்தில் அசையலாம். கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. கல் மின்னுவது பட்டை தீட்டியவரின் கைவண்ணம்.

ஆய்வு மாணவி எழுதியது:

கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஒளியை வழிநடத்த வேண்டியவர்களுக்கு அந்தச் சிறு மாற்றமே போதும். லித்தியம் நியோபேட் படிகத்தின் மேல் டைட்டானியத்தை மெல்லிய கோடாகப் படியவைத்து, 1,000 பாகையை ஒட்டிய வெப்பத்தில் உள்ளே ஊடுருவச் செய்தால், அந்தக் கோட்டின் கீழ் மட்டும் ஒளிவிலகல் எண் 0.01 அளவுக்கு உயரும். ஒளி அந்த வழியிலேயே சிறைப்பட்டுச் செல்லும். கண்ணாடியிழைத் தொடர்பில் ஒளியில் தரவை ஏற்றும் கருவிகள் பல இவ்வாறு செய்யப்பட்டவை. ஐயாவின் மாணவியிடம் இதைச் சொல்லுங்கள்: அவள் தந்தையின் மோதிரத்தில் செய்ததும் இதுவும் ஒரே வேலை, படிகம்தான் வேறு.

பட்டர்வொர்த் ஐயக்காரன் எழுதியது:

அப்படியானால் டைட்டானியத்தோடு நிற்பானேன்? சிறிய அயனியாகப் பார்த்துப் புகுத்தினால் முழுக் கல்லும் நிறமேறிவிடுமே. மேற்பரப்பு, உட்புறம் என்ற வேறுபாடே இராது.

கல்நோக்கி (கோலாலம்பூர்) எழுதியது:

செய்துவிட்டார்கள், நண்பரே. தாய்லாந்தின் சந்தபுரியில் சூடாக்கப்பட்ட ஆரஞ்சு, மஞ்சள் நிறக் குருந்தங்கள் 2002 வாக்கில் எங்கள் துறையையே கலக்கின. அவற்றில் புகுத்தப்பட்டிருந்த பெரிலியம் மிகச் சிறிய அயனி. கல்லின் மையம் வரைகூட ஊடுருவும். மூன்று நேர்மின்னூட்டம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இருப்பதால் அருகில் ஒரு எலக்ட்ரான் குறைந்து, அந்தக் குறையே நீலத்தை உட்கவர்ந்து மஞ்சளையும் ஆரஞ்சையும் தருகிறது. நிறம் முழுவதும் ஏறிய கல்லில் திரவச் சோதனை உதவாது. பத்து இலட்சத்தில் சில பங்கு பெரிலியத்தைக் கண்டுபிடிக்க, லேசரால் ஒரு புள்ளியை ஆவியாக்கி நிறை நிறமாலையில் அளக்க வேண்டியிருக்கிறது. புஷ்பராகம் (மஞ்சள் நிறக் குருந்தம்) வாங்குவோர் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆயர் ஈத்தாம் ஆசிரியர் எழுதியது:

கடைசியாக ஒன்று. குரோமியத்தின் அந்தச் சிவப்புக் கோட்டைப் பள்ளி ஆய்வகத்தில் காட்ட முடியுமா? விலையுயர்ந்த கல்லுக்கு வழியில்லை.

இரவுப்பணி எழுதியது:

தாராளமாக முடியும், ஐயா. பழைய கைக்கடிகாரங்களில் தாங்கியாக இருக்கும் சிவப்புக் கல் பெரும்பாலும் செயற்கை மாணிக்கம். 1902இல் வெர்னோய் வெளியிட்ட சுடர் உருக்கு முறையில் வளர்க்கப்படுவது. அதில் இரும்பு மிகக் குறைவு என்பதால் நன்றாக ஒளிரும். பர்மிய மாணிக்கம் ஒளிர்வதும், இரும்பு மிகுந்த தாய்லாந்து மாணிக்கம் மங்குவதும் இதே காரணத்தால்தான். குரோமியத்தின் ஆற்றலை இரும்பு பறித்துக்கொள்கிறது. இருட்டறையில் 532 நானோமீட்டர் பச்சை லேசர் சுட்டியைக் கல்லின் மீது காட்டி, சிவப்பு வடிகட்டி வழியே பாருங்கள். பச்சை மறைந்து கல் மட்டும் தணல்போல் தெரியும். கையடக்க நிறமாலைமானி இருந்தால் 694 அருகே கோடு தனித்து நிற்கும். மலிவான பச்சைச் சுட்டிகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் கசியவிடுவதால், கதிர் கல்லில் பட்டுத் தெறிக்கும் திசையில் மாணவர்கள் நிற்காதவாறு மேசையைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.